சிறப்புத் திருமணப் பதிவு: கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது

பாளையங்கோட்டை வட்டாரத்துத் தபால் ஆபீஸ்களில் முப்பத்தெட்டு வருடம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். மணியார்டர், ஆர்.டி., பென்ஷன், பதிவுத் தபால், ஏச்சு, அழுகை எல்லாவற்றையும் அந்தக் கம்பி வழியாகக் கை நீட்டி வாங்கியிருக்கிறேன். அதனால் ஓர் அரசு அலுவலகத்தைக் குறை சொல்வதென்றால் கொஞ்சம் யோசிப்பேன். பாராட்டுவதென்றால் இன்னும் கூடுதலாக யோசிப்பேன்.

எங்கள் அண்ணன் மகளுக்கு 2024 ஜூலையில் சென்னையில் பதிவுக் கல்யாணம் ஆனது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழே. அவள் இந்து, மாப்பிள்ளை முஸ்லிம். மூன்று சாட்சிகளில் நான் ஒருத்தி. "கடைக்கும் ஓட்டலுக்கும் எல்லாரும் விமர்சனம் எழுதுறாங்க அத்தே, இதுக்கு எழுத ஆளில்லை. நீங்க எழுதுங்க" என்று பாப்பாதான் சொன்னாள். (இருபத்தொன்பது வயது ஆனாலும் எனக்குப் பாப்பாதான்.) எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கலாம், அதில் ஒருவர் எங்களுக்கு நல்லதும் செய்தார்.

எங்கள் வீடு பாளையங்கோட்டை. அவர்கள் வீடு மேலப்பாளையம். பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய தூரம். ஆனால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டது சென்னையில், வேலைக்குப் போன இடத்தில். பொதுவாக இந்த மாதிரி ஜோடிக்கு ஊரில் இரண்டு வழிதான் சொல்வார்கள். பெண் கலிமா சொல்லி நிக்காஹ் செய்யலாம், அல்லது பையன் இந்துவாக மாறிக் கோயிலில் தாலி கட்டலாம். இந்து திருமணச் சட்டத்தில் இரண்டு பேருமே இந்துவாக இருக்க வேண்டும். 1967-இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்காகச் சேர்த்த 7ஏ பிரிவும் இரண்டு இந்துக்களுக்குத்தான். ஐயர் இல்லாமல் கட்டலாம், மதம் விட்டு மதம் கட்ட முடியாது. கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்று 1872-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள், ஞானஸ்நானம் கேட்பதெல்லாம் சபையின் வழக்கம். நமக்கு அது பொருந்தவில்லை.

இரண்டு பேரும் மாற மாட்டோம் என்றார்கள். வீம்புக்காகச் சொல்லவில்லை. பாப்பா இன்னும் வெள்ளிக்கிழமை விளக்குப் பொருத்துகிறவள். அவன் நோன்பு பிடிக்கிறவன். "எனக்கு நம்பிக்கை இல்லாம ஒரு வார்த்தையைச் சொன்னா, அது அவங்க மதத்துக்குத்தானே அத்தே அவமரியாதை" என்றாள். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அப்போதுதான் சிறப்புத் திருமணச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, இவ்வளவு நல்ல சரக்கை இப்படி ஓர் ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. இதற்கு முன்னால் 1872-இல் இதே பெயரில் ஒரு சட்டம் இருந்தது. கேசவ சந்திர சென்னும் பிரம்ம சமாஜத்தாரும் கேட்டு வந்தது. அதில் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன் இல்லை என்று வரிசையாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். சாமியே இல்லை என்கிறவனுக்கு அது சுலபம், சாமி கும்பிடுகிறவனுக்கு அது பொய்ச் சத்தியம். 1923-இல் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் தங்களுக்குள் கட்டிக்கொள்ள அந்த மறுப்பு வேண்டாம் என்று ஆக்கினார்கள். முழுசாக எடுத்தது 1954-ஆம் வருடச் சட்டம்தான். 1955 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நீ யாராக வந்தாயோ அவராகவே கல்யாணம் செய்துகொண்டு அவராகவே வீட்டுக்குப் போகலாம். மதச் சுதந்திரம் தருகிற, அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அது கையில் பிடித்துப் பார்க்கிற பொருளாக மாறுகிற இடங்கள் ரொம்பக் குறைவு. இது ஒன்று.

இன்னொரு சமாசாரம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் நோட்டீஸ் படிவம் இருக்கிறது. பெயர், திருமணமாகாதவரா துணையை இழந்தவரா விவாகரத்து ஆனவரா என்ற விவரம், தொழில், வயது, இருப்பிடம், நிரந்தர முகவரி, எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறார். அவ்வளவுதான். மதம் என்று ஒரு கட்டமே கிடையாது! இதை நான் மூன்று தடவை பார்த்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு கட்டம் விட்டுப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தப் புத்தியில் முதலில் அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தேன்.

ஆனால் கவுன்டரில் முதல் கேள்வியே "பொண்ணு என்ன, பையன் என்ன?"

முதல் தடவை போனது பாப்பாவும் மாப்பிள்ளையும் மட்டும். இரண்டு பேரின் அப்பா அம்மா கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே பத்திரம் எழுதுகிறவர் பின்னாலேயே வந்து, பன்னிரண்டாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பயந்துபோய் மூவாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள், ரசீது இல்லாமல். எனக்கு வந்த கோபம் அந்த ஆள்மேல்கூட இல்லை. படித்த பிள்ளைகள் ரசீது கேட்காமல் பணம் கொடுத்தார்களே என்றுதான். அன்றைக்கு ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

இரண்டாவது தடவை நானும் போனேன். சட்டத்தை அச்செடுத்து, அஞ்சல் விதிப்புத்தகத்தில் கோடு போடுவது மாதிரி சிவப்பில் கோடு போட்டு எடுத்துப் போயிருந்தேன். வயது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. உயிரோடு வேறு துணை இருக்கக் கூடாது. சம்மதம் சொல்கிற மனநிலை இருக்க வேண்டும். விலக்கப்பட்ட உறவுமுறையில் இருக்கக் கூடாது. நாலாவது பிரிவு கேட்பது இதைத்தான். பெற்றோர் கையெழுத்து எங்கேயும் இல்லை. "மேடம், அது பின்னாடி பிரச்சினை வராம இருக்கத்தான்" என்றார் எழுத்தர். அவருடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது. விதியில் இல்லாத ஒன்றைப் பாதுகாப்புக்காகக் கேட்பது எல்லாக் கவுன்டரிலும் உள்ள வியாதி, நானும் செய்திருக்கிறேன். ஆனால் நான் கேட்டது கூடுதலாக ஒரு போட்டோ. இவர் கேட்டது கல்யாணத்துக்குச் சம்மதிக்காத ஓர் அப்பாவின் கையெழுத்து.

அடுத்து இருப்பிடச் சான்று. பாப்பா பெண்கள் விடுதியில் இருந்தாள், அவர்கள் எதையும் எழுதித் தர மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் வாடகை ஒப்பந்தம் இருந்தது. இரண்டு பேருக்கும் வேண்டும் என்றார்கள். ஐந்தாவது பிரிவு, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருந்தால் போதும் என்கிறது. சிவப்புக் கோட்டைக் காட்டினேன். வாங்கிக்கொண்டார்கள். இதற்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வக்கீல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 4, 5, 6, 7 பிரிவுகளை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றரைப் பக்கம்கூட வராது. விண்ணப்பத்தை முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், பிள்ளைகள் அதை அரை மணியில் முடித்துவிட்டார்கள். ரசீது போட்டு வாங்கிய அரசுக் கட்டணத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மூவாயிரம் போனது போனதுதான்.

ஜூன் 3, திங்கட்கிழமை நோட்டீஸ் ஏற்கப்பட்டது. பெரிய குறை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஆறாவது பிரிவுப்படி நோட்டீஸைத் திருமண அறிவிப்புப் புத்தகத்தில் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம். ஒரு நகலை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். முப்பது நாள். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் ஒரு நகல் போய், அங்கேயும் ஒட்டப்படும்.

தபால்காரியாகச் சொல்கிறேன். ஒரு போஸ்ட் கார்டு திறந்த கடிதம்தான், வேண்டுமென்றால் படிக்கலாம். ஆனாலும் பீட்டுக்குப் போகிற தபால்காரர் அதைத் தெரு முனையில் நின்று வாசித்துக் காட்டினால் மறுநாள் அவருக்கு மெமோ போகும். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் வேலைக்குச் சேர்ந்தவுடன் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். எத்தனை காதல் கடிதம், எத்தனை வக்கீல் நோட்டீஸ் என் கை வழியாகப் போயிருக்கும்! ஒன்றைப் பற்றிக்கூட வீட்டில் வாய் திறந்ததில்லை. அதே அரசாங்கத்தின் இன்னொரு அலுவலகம் ஒரு பெண்ணின் பெயர், வயது, வேலை, தங்கியிருக்கிற விலாசம் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார் என்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து சொன்ன பிறகும்.

அதிலும் கூடுதலாக ஒன்று செய்யப் பார்த்தார்கள். இரண்டு வீட்டு விலாசத்துக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போகும் என்றார் எழுத்தர். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அரசு முத்திரை போட்ட பதிவுத் தபால் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடப் பேனா தேடுகிற நேரத்தில் நாலு வீடு எட்டிப் பார்த்துவிடும். வீட்டு விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை பாப்பா போனில் எடுத்துக் காட்டினாள். "டெல்லித் தீர்ப்பு இங்கே செல்லாதும்மா" என்றார்.

"தீர்ப்பை விடுங்க சார். ஆறாவது பிரிவை நீங்களே வாசிங்க. வீட்டுக்கு அனுப்பணும்னு எந்த வரியில இருக்கு?" என்றேன்.

வாசித்தார். மறுபடி வாசித்தார். சார்பதிவாளர் அறைக்குள் போய் வந்தார். "சரி மேடம், ஆபீசுக்கு மட்டும் அனுப்புறோம்." இந்த மனிதருக்குத்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பாராட்டு. புத்தகத்தைக் காட்டினால் படிக்கிறவர். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

இந்து திருமணத்துக்கோ நிக்காஹுக்கோ சட்டம் இந்த முப்பது நாளைக் கேட்பதில்லை. காலையில் நிச்சயித்துச் சாயங்காலம் முடிக்கலாம். கிறிஸ்தவக் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள், எங்கள் பாளையங்கோட்டையில் அதைக் கேட்காதவர் இல்லை. ஆனால் ஓலை வாசிக்கும்போது அங்கே உட்கார்ந்து கேட்பது அந்தப் பெண்ணை ஞானஸ்நானம் முதல் தெரிந்த சபையார். சார்பதிவாளர் அலுவலகச் சுவரைப் பார்ப்பது யார்? கிரையப் பத்திரத்துக்கு வந்தவன், வில்லங்கச் சான்று வாங்க வந்தவன், இதற்கென்றே போனோடு வருகிறவன். மதம் தாண்டுகிறவர்களுக்கென்றே ஏற்பட்ட சட்டத்தில்தான் மதம் தாண்டுவதைப் பிடிக்காதவர்களுக்கு ஒரு மாத அவகாசம் கிடைக்கிறது. கேரளப் பதிவுத்துறை இந்த நோட்டீஸ்களை இணையதளத்தில் போட்டுக்கொண்டிருந்தது, தொல்லை வந்ததும் 2020-இல் நிறுத்தியது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஜோடி கேட்டால் மட்டும் வெளியிட்டால் போதும் என்றது. இங்கே சுவர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

எங்களுக்கும் நடந்தது. பாப்பாவின் நகல் திருநெல்வேலிப் பக்கத்து அலுவலகத்தில் ஒட்டி ஐந்தாம் நாள், அதன் போட்டோ எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அண்ணனுக்கு அன்று மட்டும் ஏழு போன். ஆறு பேர் சொந்தம், துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள். ஏழாவது ஆள் பெயர் சொல்லவில்லை. பெண்ணின் விடுதி விலாசத்தை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டான். அன்றைக்கே பாப்பாவை விடுதியிலிருந்து என் சிநேகிதி வீட்டுக்கு மாற்றினோம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆட்சேபணை வந்ததா என்றால், ஒருவர் வந்தாராம். எழுத்தர் பிறகு சொன்னார். "எதிர்ப்பு மனு கொடுக்கணும்" என்று நின்றிருக்கிறார். காரணம் என்ன என்று கேட்டதற்கு, "வேற வேற மதம்." "அது நாலாவது பிரிவுல வராதே சார். வயசு குறைவா? ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா? எழுதிக் கொடுங்க, விசாரிக்கிறோம். வேணும்னே கொடுத்திருந்தா ஆயிரம் ரூபாய் வரைக்கும் உங்ககிட்ட வசூலிக்கலாம்னு ஒன்பதாவது பிரிவு இருக்கு." ஆள் போய்விட்டாராம். 1954-இல் ஆயிரம் ரூபாய் என்றால் யாரும் பயந்திருப்பார்கள், இன்றைக்கு அது நல்ல செருப்பு விலை. ஆனாலும் வேலை செய்தது. எழுத்தர் என் சிவப்புக் கோடு போட்ட தாளை நகல் எடுத்து வைத்திருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அம்மாவுக்கு 1957-இல் சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றி, இரண்டு பேர் பேசி, காபி கொடுத்து முடித்த கல்யாணம். அந்தக் காலத்தில் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. 1967 திருத்தம்தான் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. அதாவது எனக்கு ஏழு வயது ஆகும்வரை என் அப்பா அம்மாவுக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு ராகு காலம் பார்க்காமல் வாசல் படி தாண்டுவதில்லை. மகள் விஷயம் தெரிந்ததும் இருபது நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதலில் கேட்டது சொத்து.

அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பயப்படுகிற இடம் இது. சட்டத்தின் 19-ஆவது பிரிவு, கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற இந்து இந்தச் சட்டப்படி மணந்தால் அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்கிறது. வாசித்தவுடன் அண்ணன் "பார்த்தியா, பங்கு கிடையாதாம்" என்றார். அர்த்தம் அது இல்லை. பிரிந்தவர் என்றால் பங்கைப் பிரித்துக்கொண்டவர் மாதிரி. 20-ஆவது பிரிவு வாரிசு உரிமை போகாது என்று தனியாகச் சொல்கிறது. மதமோ சாதியோ மாறியதால் சொத்துரிமை போகாது என்று 1850-இலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது, அதைத் துணைக்கு இழுக்கிறது. இரண்டு பேரும் இந்துவாக இருந்தால் 1976-இல் சேர்த்த 21ஏ பிரிவினால் இந்தப் பிரிவினையும் கிடையாது. நம்முடையது கலப்பு, அதனால் உண்டு. இனிமேல் இவர்கள் சம்பாதிக்கிற சொத்துக்கு வாரிசு யார் என்பதை இந்திய வாரிசுரிமைச் சட்டம் பார்க்கும், இந்துச் சட்டமும் ஷரீயத்தும் இல்லை. அண்ணன் சொத்து என்பது ஒரு வீடு, அதன் மேல் ஒரு கடன். அதையும் சொன்னேன்.

தேதி குறித்தது பெரிய கூத்து. நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் முடிய ஜூலை 3 ஆகிவிடும். மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி, திரும்ப முதலிலிருந்து. மாலை மாற்றிவிட்டுப் பிறகு பதியலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் பதினாறாவது பிரிவில் அதே முப்பது நாள் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் உம்மா சொன்னார், "அக்கா, பிறை தெரிஞ்சா முஹர்ரம். பொறவு பத்து நாள் வேண்டாம்." எங்கள் வீட்டில் ஜூலை 17 ஆடி பிறக்கிறது. அந்த வருடம் முஹர்ரத்தின் பத்தாம் நாளான ஆஷுராவும் அதே 17. ஆக, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற நாள் என்று பார்த்தால் ஜூலை 4-ம் 5-ம்தான். 4-ஆம் தேதி சார்பதிவாளர் இல்லை. 5-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அமாவாசை. பிறைக்கு முந்தின இருட்டு என்றால் அவர்களுக்கு நல்லது, எங்களுக்கு அதே இருட்டு ஆகாது.

சார்பதிவாளர் அலுவலகம் பஞ்சாங்கம் தெரியாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். முகூர்த்த நாளில் பத்திரம் பதியக் கூட்டம் வரும் என்று கூடுதல் டோக்கன் விடுகிற துறை அது. அமாவாசை அதுவுமாகப் பத்தரை மணிக்கு உள்ளே நுழைந்தோம், வெள்ளிக்கிழமை ராகு காலம் ஆரம்பிக்கிற நேரம். நாற்காலி எல்லாம் காலி. கிரையம் பண்ண ஒருத்தரும் இல்லை. மற்ற நாளில் நிற்க இடமில்லாத கூடத்தில் மின்விசிறி எங்களுக்காக மட்டும் சுற்றியது. வேகமாக வேலை முடிய வேண்டுமென்றால் ராகு காலத்தில் போங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அண்ணன் வர மாட்டேன் என்றவர். பதினொன்றுக்குப் படியேறி வந்தார். வேட்டி சட்டை, கையில் ஒரு பை. என்னிடம் வந்து காதோடு, "ஏட்டி, ராகு காலம்லா... பன்னெண்டுக்கு மேல வச்சா என்ன?" என்றார். பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் மாப்பிள்ளை ஜும்மாவுக்குப் போக வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பம் நடக்கட்டும்" என்றுவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பதினோராவது பிரிவுப்படி இரண்டு பேரும் மூன்று சாட்சிகளும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டோம். மாப்பிள்ளை பக்கம் அவனுடைய மாமா, நண்பன் ஒருவன், எங்கள் பக்கம் நான். கல்யாணத்தை எந்த முறையில் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறது சட்டம். அலுவலகத்துக்கு வெளியே, நியாயமான தூரத்தில் வேறு இடத்தில்கூட வைத்துக்கொள்ளலாம், கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் கட்டாயம். அலுவலர் முன்னாலும் சாட்சிகள் முன்னாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும். சார்பதிவாளர் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினார். தமிழில் சொல்கிறோம் என்றார்கள். அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, "சொல்லுங்க, கேட்போம்" என்றார்.

"நான் உன்னை என் சட்டப்படியான மனைவியா ஏத்துக்கறேன்" என்று அவன் சொன்னான். பெயர் சொல்ல மறந்துவிட்டான், திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பாப்பா ஒரே தடவையில் சொன்னாள். மந்திரம் இல்லை, குத்பா இல்லை. சட்டப்படியான என்ற சொல்லில் இவ்வளவு பாரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பென்ஷன் படிவத்தில் தினம் பார்த்த சொல் அது. அண்ணன் பையிலிருந்து இரண்டு மாலையை எடுத்தார். தாலி எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் உம்மா ஒரு கருகமணிச் சங்கிலியை நீட்டினார், பாப்பா தானே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டுக்குள் எல்லாம் முடிந்தது. அவன் ஜும்மாவுக்குப் போனான். நாங்கள் அலுவலக வாசலில் இருந்த டீக்கடையில் அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தோம், புதுப் பெண், அவள் மாமியார், அவள் அப்பா, நான். முதல் முறையாக அண்ணனும் அந்த அம்மாவும் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி. அதைப் பற்றித்தான் முக்கால் மணி நேரமும் பேச்சு.

சான்றிதழ் தெளிவாக இருந்தது, எழுத்துப் பிழை இல்லை. பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் ஒரு கேள்வி இல்லாமல் செல்லுகிறது. இதே காரியத்தை மதம் மாறிச் செய்திருந்தால் மாற்றத்துக்குச் சான்று, அரசிதழில் பெயர் மாற்றம் என்று இன்னும் எத்தனை கவுன்டரோ. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு ரத்தாகிவிட்டது, அந்த வகையில் இங்கே பயமில்லை. உத்தரப் பிரதேசம் மாதிரி மாநிலங்களில் மதம் மாறுவதற்கே அறுபது நாள் முன்னால் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். ஆக மாறினாலும் நோட்டீஸ், மாறாவிட்டாலும் நோட்டீஸ்.

நட்சத்திரம் போட வேண்டுமாமே. சட்டத்துக்கு ஐந்தில் நாலரை. கவுன்டருக்கு மூன்று, அந்த எழுத்தருக்காக. அந்தச் சுவருக்கு ஒன்றும் கிடையாது.

ஆகஸ்டில் சான்றிதழின் கூடுதல் நகல் வாங்க நான் மட்டும் மறுபடி போனேன். அன்று முகூர்த்த நாள், கூட்டம் பிதுங்கியது. சுவரில் பாப்பாவின் நோட்டீஸ் இன்னும் இருந்தது. அதன் மேல் பாதியை மறைத்து வேறொரு ஜோடியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெயரும் போட்டோவும் மறைந்துவிட்டன. கீழே விடுதி விலாசம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே சார், இதை எடுத்துடக் கூடாதா?" என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"ஒட்டத்தான் மேடம் விதி இருக்கு. எடுக்கறதுக்கு இல்லையே" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மேசை டிராயரைத் திறந்து, பேப்பர் சுரண்டுகிற ஒரு பழைய பிளேடை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.